டர்பன் வீட்டில் இணையம் தடுமாறினால்: கோளாறு யார் பக்கம் என்று கண்டறியும் முறை

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மதுரையில் இரவு ஏழரை ஆகும் நேரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் தமிழ் படிக்க உட்காருகிறார்கள். ஆசிரியை மதுரையிலிருந்து திரையில் வருகிறார். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறையான இந்தப் பிள்ளைகளுக்கு ழகரமும் ளகரமும் காதில் பிரிந்து விழ வேண்டும். அந்த ஒலியை அவர்கள் தெருவிலோ பள்ளியிலோ கேட்க வழியில்லை. ஒருமுறை மூன்று வாரம் தொடர்ந்து ஆசிரியையின் குரல் துண்டு துண்டாகத்தான் வந்தது. படம் உறைந்து நிற்கும், பிறகு விட்டுப்போன சொற்களெல்லாம் ஒரே மூச்சில் ஓடும். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தேன். நொடிக்கு 50 மெகாபிட் போதாது, 100 மெகாபிட்டுக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினேன், மாதக் கட்டணம் கூடியது, குரல் முன்போலவே உடைந்தது. மீண்டும் அழைத்தபோது, தெருவிலுள்ள ஃபைபர் லைன் வேறு நிறுவனத்துக்குச் சொந்தமானது, குறை அங்கே இருக்கலாம் என்றார்கள். லைன் நிறுவனத்தின் தொழில்நுட்பர் இரண்டு முறை வந்து, லைன் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தமக்குரிய பகுதியை மட்டும் பார்த்தார்கள். முழுப் பாதையையும் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. கடைசியில் அதை நானே பார்த்தேன். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு மடிக்கணினி, ஒரு கேபிள், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றுதான். அப்போது கற்றதையும், அதன்பின் சுற்றத்தார் வீடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பாதையின் நான்கு துண்டுகள்

உங்கள் வீட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் குரல் நான்கு கைகள் மாறுகிறது. முதல் துண்டு வீட்டுக்குள்: உங்கள் கைபேசி அல்லது கணினியிலிருந்து ரூட்டர் வரை. இது உங்கள் பொறுப்பு. இரண்டாவது துண்டு, சுவரில் பொருத்தியிருக்கும் ஓ.என்.டி. என்னும் சிறு வெள்ளைப் பெட்டியிலிருந்து தெரு வழியாக லைன் நிறுவனத்தின் நிலையம் வரை. ஓப்பன்சர்வ், வூமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் போன்றவை இந்தத் துண்டின் உரிமையாளர்கள். மூன்றாவது துண்டு, மாதந்தோறும் உங்களிடம் பணம் வாங்கும் சேவை நிறுவனத்தின் சொந்த வலையமைப்பு. நான்காவது துண்டு, அந்தச் சேவை நிறுவனம் மற்றவர்களிடம் விலைக்கு வாங்கும் வெளிநாட்டுப் பாதை. நம்மைப் பொறுத்தவரை அது கடலடிக் கேபிள். புகார் செய்வதற்கு முன் குறை எந்தத் துண்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், மூன்று வார அலைச்சல் மூன்று நாளில் முடியக்கூடும்.

விளக்குகளைப் படியுங்கள்

இணையம் முழுவதுமாக நின்றுபோனால் முதலில் ஓ.என்.டி. பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். மின்சார விளக்கு எரியாவிட்டால் பிளக்கையும் அடாப்டரையும் சோதியுங்கள். பி.ஓ.என். என்று எழுதிய விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் தெருவிலிருந்து ஒளி வருகிறது, நிலையமும் உங்கள் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். அது விட்டு விட்டு எரிந்தால் பெட்டி இன்னும் பதிவு செய்ய முயன்றுகொண்டிருக்கிறது. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை: கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பெட்டிக்குப் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஃபைபர் நழுவியிருக்கிறது, அல்லது மரச்சாமானை நகர்த்தியபோது அது மடங்கி நசுங்கியிருக்கிறது. ஃபைபர் என்பது தலைமயிர் கனத்தில் உள்ள கண்ணாடி இழை. அதை மின்கம்பியைப்போல் மடித்துச் செருகக் கூடாது. அதன் முனைக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கவும் கூடாது.

சிவப்பு விளக்கு எரியும்போது ரூட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை. அந்தச் சிவப்பு விளக்கைக் கைபேசியில் படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, சேவை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் வழக்கமாகக் கேட்கும் இருபது கேள்விகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு படமே தீர்த்துவிடும்.

விளக்குகள் எல்லாம் பச்சையாக இருந்தும் இணையம் இல்லையென்றால், இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். ஓ.என்.டி.யை முதலில் போட்டு, பி.ஓ.என். விளக்கு அசையாமல் நின்ற பிறகு ரூட்டரைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். தலைகீழாகப் போட்டால் ரூட்டர் லைனைத் தேடிக் காணாமல் நின்றுவிடுவதுண்டு. ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் அதில் பதிந்திருக்கும் பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட அனைத்தும் அழிந்துவிடும். சில லைன்களில் அந்தப் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் இணைப்பே ஏற்படாது. எனவே அவற்றை முன்னதாக ஒரு தாளில் எழுதி வைக்காதவர்கள் அந்தத் துளையைத் தொடவே வேண்டாம்.

வைஃபையைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்

முழுவதும் நிற்காமல் மெதுவாகவோ விட்டு விட்டோ வந்தால், முதல் வேலை வைஃபையை விலக்கிவிட்டுச் சோதிப்பது. ஒரு லேன் கேபிளால் மடிக்கணினியை நேரே ரூட்டரில் இணையுங்கள். கேபிளில் நன்றாகவும் வைஃபையில் மோசமாகவும் வந்தால் குறை முதல் துண்டில், அதாவது வீட்டுக்குள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிந்தது. இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தம். நிறுவனத்துக்காக வாதாடுவதாக நினைக்கிறார்கள். ஆனால் வீட்டுக் குறையை வீட்டில் தீர்த்துவிட்டால்தான் நிறுவனத்தின் குறையைத் தயக்கமில்லாமல் நிறுவனத்தின்மேல் வைக்க முடியும்.

வைஃபைக்கு இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும்; ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு மோதும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. இரண்டு கனமான சுவர்களுக்கு அப்பால் தளர்ந்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிரும் வீடுகள் பல; அங்கே 2.4-இல் பத்துப் பன்னிரண்டு ரூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசுவது சாதாரணம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, மைக்ரோவேவ் அடுப்புக்கு அருகிலோ வைக்காதீர்கள். வகுப்பு நடக்கும் அறைக்கு ஒரு கேபிளையே இழுத்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. இருபது மீட்டர் கேபிள் புதிய ரூட்டரைவிட மலிவு, பயனும் அதிகம்.

வேக அளவைப் பற்றியும் ஒரு சொல். நிறுவனங்கள் விற்பது மெகாபிட் கணக்கில். கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆகையால், 50 மெகாபிட் லைனில் நொடிக்கு ஏறத்தாழ 6 மெகாபைட் இறங்கினால் நீங்கள் செலுத்திய பணத்துக்கு உரியது வருகிறது. ஒரு காணொலி வகுப்புக்கு 4 மெகாபிட்டுக்கு மேல் தேவைப்படுவது அரிது. குரல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகக் குறைவு அன்று. வழியில் தரவுத் துணுக்குகள் தொலைவதும், சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வதுமே காரணம். நான் 100 மெகாபிட்டுக்கு மாறியது பயன்படாததும் இதனால்தான். சாலையில் பள்ளம் இருக்கும்போது வண்டியை மாற்றி என்ன பயன்?

மூன்று பிங்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிங் (ping) என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு முகவரியைக் கொடுத்தால், கணினி அந்த முகவரிக்கு ஒரு சிறு துணுக்கை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று காட்டும். முகவரிக்குப் பின் இடம் விட்டு ஒரு சிறுகோடும் ஆங்கில t எழுத்தும் சேர்த்தால், நீங்கள் நிறுத்தும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். மூன்று சாளரங்களைத் திறந்து, கேபிள் இணைப்பில், மூன்று முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் இதை ஓடவிடுங்கள்.

முதல் முகவரி உங்கள் ரூட்டர்; பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். இங்கே பதில் ஒன்றிரண்டு மில்லிநொடிக்குள் வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. தொலைந்தால் கேபிளோ ரூட்டரோ பழுது.

இரண்டாவது முகவரி 1.1.1.1. இது உலகெங்கும் நகல்களை வைத்திருக்கும் ஒரு பொதுச் சேவை. தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே பதில் சொல்லும். ஃபைபரில் டர்பனிலிருந்து இது இருபது மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும். ரூட்டர் வரை சுத்தமாக இருந்து, இங்கே பதில்கள் தொலைந்தால், குறை இரண்டாவது அல்லது மூன்றாவது துண்டில். நாள் முழுவதும் தொலைகிறதா, இரவு ஏழு முதல் பத்து வரை மட்டும் தொலைகிறதா என்று பாருங்கள். நாள் முழுவதும் என்றால் பெரும்பாலும் லைன் பழுது: அழுக்கடைந்த இணைப்பு, வளைந்த இழை, கம்பத்தில் உரசும் கேபிள். மாலை நேரத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் நெரிசல், அதாவது சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குப் போதுமான கொள்ளளவை வாங்காமல் இருப்பது. தெருவில் ஒரே ஃபைபரை 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்வது வழக்கம். அது கீழ்நோக்கி நொடிக்கு 2.5 கிகாபிட் அளவு தாங்கும் ஆகையால் நெரிசல் அங்கே ஏற்படுவது குறைவு.

மூன்றாவது முகவரி நீங்கள் பேச விரும்பும் நாட்டில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். சில இடங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைத்திருப்பார்கள், அப்போது வேறொன்றை முயலுங்கள். இயலாவிட்டால் வேகச் சோதனைச் செயலியில் சென்னையிலுள்ள ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். டர்பனுக்கும் சென்னைக்கும் நேர்த்தொலைவு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். ஆகவே போய்வர 70 மில்லிநொடியாவது ஆகும். அதற்குக் கீழே இயற்கையே இடம் தராது. ஆனால் பதில் 300 மில்லிநொடி எடுத்தால், உங்கள் குரல் நேரே இந்தியப் பெருங்கடலைக் கடக்கவில்லை, ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் போகிறது என்று கொள்ளலாம். சுற்றுவழி தன்னளவில் குற்றமன்று, குரல் சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவே. சுற்றிப் போகும் வழியில் துணுக்குகளும் தொலைந்தால்தான் வகுப்பு கெடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். முதல் இரண்டு சாளரங்களில் ஒரு பதில்கூடத் தொலையவில்லை. மூன்றாவதில் மாலை நேரத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு தொலைந்தன; காலையில் ஒன்றும் தொலையவில்லை. இதை நான்கு நாள் எழுதி, கணினித் திரையைப் பிடித்த படங்களோடு சேவை நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவுக்கு அனுப்பினேன். அதுவரை ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னவர்கள், இரண்டாம் நாளே வெளிநாட்டுப் பாதையை மாற்றினார்கள். அடுத்த சனிக்கிழமை ஆசிரியை 'பழம்' என்றார். ஐந்து பிள்ளைகளும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

லைன் ஏன் ஒருவருடையதும் சேவை இன்னொருவருடையதும் ஆயிற்று

இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளாமல் எந்த நிறுவனத்திடம் எதைக் கேட்பது என்று தெரியாது. அரசுத் துறையாக இருந்த தொலைபேசிச் சேவை 1991-இல் டெல்காம் என்ற நிறுவனமானது. நிலவழி லைன்கள் நெடுங்காலம் அதன் கையில் மட்டுமே இருந்தன. 2002-இல் தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தரும் ஏ.டி.எஸ்.எல். வந்தபோது, பிற சேவை நிறுவனங்களும் டெல்காமின் செம்புக் கம்பியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அந்தக் கம்பியைப் போட்டியாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று அரசு 2007-இல் முடிவு செய்து 2011 நவம்பரைக் காலக்கெடுவாக வைத்தது. காலக்கெடு கடந்தது, கம்பி திறக்கப்படவில்லை. அந்த நாட்களின் நிலைக்கு நம் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே நடந்த ஒரு போட்டியை இன்றும் சொல்வார்கள். 2009 செப்டம்பரில் ஹோவிக்கிலிருந்து ஹில்கிரஸ்ட்டுக்கு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர், காலில் 4 கிகாபைட் நினைவட்டை கட்டிய வின்ஸ்டன் என்ற புறாவைப் பறக்கவிட்டு, அதே தரவை ஏ.டி.எஸ்.எல். வழியாகவும் அனுப்பினார்கள். புறா ஒரு மணி எட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அட்டையிலிருந்து தரவை இறக்கிக்கொண்ட நேரத்தையும் சேர்த்து இரண்டு மணியும் சில நிமிடங்களும் ஆயின. அதற்குள் லைன் வழியாக வந்தது நூற்றுக்கு நான்கு பங்குதான்.

நிலைமையை மாற்றியவை இரண்டு. ஒன்று சட்டத்தின் வழியே வந்தது. 2012-இல், வணிகத்தில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டித் தீர்ப்பாயம், டெல்காம் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்திப் பிற சேவை நிறுவனங்களை நெருக்கியது என்று தீர்ப்பளித்து 449 மில்லியன் ராண்ட் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி டெல்காம் 200 மில்லியன் ராண்ட் செலுத்தவும், மொத்த விற்பனையையும் சில்லறை விற்பனையையும் தனித்தனியாக நடத்தவும் ஒப்புக்கொண்டது. 2015-இல் அதன் மொத்த விற்பனைப் பிரிவு ஓப்பன்சர்வ் என்ற பெயரைப் பெற்றது. மற்றொன்று தெருவிலிருந்து வந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் பார்க்ஹர்ஸ்ட் பகுதிவாசிகள் தாங்களே ஒன்றுகூடி ஃபைபர் போட நிறுவனங்களை அழைத்தார்கள். 2014-இல் வூமாடெல் அங்கே தொடங்கியது. லைனை மட்டும் போட்டு, சேவையைப் பலர் விற்கட்டும் என்ற முறை அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. காத்திருந்து பயனில்லை என்று கண்டு தாங்களே கூடி முடிவெடுத்த அந்தக் குடியிருப்பாளர்களை நான் மதிக்கிறேன்.

இதனால் உங்களுக்குக் கிடைத்தது: ஒரே லைனில் பல சேவை நிறுவனங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. கிடைக்காதது: லைனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பெரும்பாலான தெருக்களில் ஒரே லைன் நிறுவனம்தான் இருக்கும். ஆகவே குறை மூன்றாவது நான்காவது துண்டில் இருந்தால் சேவை நிறுவனத்தை மாற்றினால் தீரும். இரண்டாவது துண்டில் இருந்தால் யாரிடம் மாறினாலும் அதே கேபிள்தான் வரும், ஆகவே மாறாமல் பழுதுபார்க்க வைப்பதே வழி.

இந்த ஏற்பாடு இப்போது மறுபடியும் இறுகி வருகிறது. வூமாடெலின் தாய் நிறுவனமான மாசிவில் 30 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வாங்கப்போவதாக வோடகாம் 2021-இல் அறிவித்தது. போட்டித் தீர்ப்பாயம் 2024 அக்டோபரில் அதைத் தடுத்தது. 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கைபேசிச் சந்தையில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனம் தெருவிலுள்ள ஃபைபரிலும் பங்குதாரர் ஆகும்போது, லைனில் சேவை விற்கும் சிறிய நிறுவனங்களுக்கு எல்லாரையும் போன்ற விலை கிடைக்கிறதா என்பதை வாடிக்கையாளர்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கண்காணிப்பு பயன்தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் தரவு விலை மிக அதிகம் என்று அறிக்கை தந்து வோடகாமையும் இன்னொரு கைபேசி நிறுவனமான எம்.டி.என்.னையும் குறைக்கச் சொன்னது. 2020 ஏப்ரலில் வோடகாமின் முப்பது நாள் 1 கிகாபைட் 149 ராண்டிலிருந்து 99 ராண்டாக இறங்கியது.

புகாரை எழுதும் விதம்

ஃபைபரில் உங்கள் ஒப்பந்தம் பெரும்பாலும் சேவை நிறுவனத்தோடுதான். எனவே லைன் பழுதையும் அவர்கள் வழியாகவே சொல்ல வேண்டும். "லைன் எங்களுடையது அல்ல" என்பது உண்மை. ஆனால் லைன் நிறுவனத்திடம் புகாரைப் பதிந்து அதைத் துரத்துவது அவர்கள் வேலை. ஆகவே இரண்டு எண்களைக் கேளுங்கள்: சேவை நிறுவனத்தின் புகார் எண் ஒன்று, லைன் நிறுவனத்தில் அவர்கள் பதிந்த புகாரின் எண் மற்றொன்று. இரண்டாவது எண்ணைத் தர இயலாவிட்டால், லைன் நிறுவனத்துக்குப் புகார் இன்னும் போகவில்லை என்றே கொள்ளுங்கள்.

தொலைபேசியில் பேசினாலும் அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். மெதுவாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "மடிக்கணினி கேபிளால் இணைக்கப்பட்டுள்ளது. ரூட்டருக்கு அனுப்பிய 500 துணுக்குகளில் ஒன்றும் தொலையவில்லை. அதே நேரத்தில் 1.1.1.1-க்கு அனுப்பிய 500-இல் 31 தொலைந்தன. மாலை 7.10 முதல் 7.20 வரை. ஓ.என்.டி.யை இருமுறை அணைத்துப் போட்டாயிற்று. இணைப்பில் படங்கள் உள்ளன." இப்படி எழுதிய கடிதத்தைப் பெற்றவர் அதைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. வீட்டில் மூத்தவர்களுக்கு ஆங்கிலக் கடிதம் சிரமமாக இருந்தால் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கட்டும். ஆனால் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில், அவர் மின்னஞ்சலிலிருந்து போக வேண்டும். பெரியம்மாவின் கணக்குக்கு மருமகன் பேசினால், தனியுரிமையைக் காரணம் காட்டி அழைப்பை அங்கேயே முடித்துவிடுவார்கள்.

நிறுவனத்திடம் எழுத்தில் கொடுத்தும் தீராவிட்டால் அடுத்த படி ஐகாசா, அதாவது 2000-இல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். முதலில் நிறுவனத்தை நாடினீர்கள் என்பதற்கான எண்களையும் கடிதங்களையும் அவர்கள் கேட்பார்கள். நோட்டுப் புத்தகம் அங்கே மறுபடியும் கைகொடுக்கும். உங்கள் நிறுவனம் இணையச் சேவை நிறுவனங்களின் சங்கமான இஸ்பாவில் உறுப்பினர் என்றால், அதன் நடத்தை விதிகளை மீறியதாக அங்கேயும் முறையிடலாம்.

மாறுவதற்கு முன்

சேவை நிறுவனத்தை மாற்றத் தீர்மானித்தால் முதலில் பழைய ஒப்பந்தத்தைப் படியுங்கள். மாதாமாதம் என்று விற்ற ஒப்பந்தத்திலும், இலவசமாகப் போட்டுக்கொடுத்த இணைப்புக்கும் ரூட்டருக்கும் உரிய தொகையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பி வாங்கும் ஒரு விதி ஒளிந்திருக்கலாம். குறிப்பிட்ட கால ஒப்பந்தமாக இருந்தால், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை: தனிநபர் ஒருவர் 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து விலகலாம், நிறுவனம் நியாயமான தொகையை மட்டுமே கேட்கலாம். முன்னறிவிப்பை மாதக் கடைசிக்கு விடாமல் முதல் நாட்களிலேயே கொடுங்கள். பழைய நிறுவனம் லைனை விடுவித்தால்தான் புதியவர் அதை எடுக்க முடியும் என்பதால், இரண்டு தேதிகளையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிய நிறுவனத்திடம் வேகத்தைக் கேட்க வேண்டாம். ஒரே லைனில் எல்லாரும் அதையே விற்கிறார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் தரவை நேரே மாற்றிக்கொள்ளும் நேப்ஆப்பிரிக்கா பரிமாற்ற நிலையத்தில் டர்பனிலேயே இணைந்திருக்கிறீர்களா, கிழக்குக் கடற்கரையிலும் மேற்குக் கடற்கரையிலும் கேபிள் கொள்ளளவு வைத்திருக்கிறீர்களா, இந்தியாவுக்கு எந்த வழியாக அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் ஒரு நாளில் எழுத்தில் பதில் தரும்.

ஃபைபர் வராத தெருவில், கைபேசி டவரிலிருந்து இணையம் பெறும் எல்.டி.இ. அல்லது 5ஜி ரூட்டர்தான் கதி. அங்கே லைனும் சேவையும் பெரும்பாலும் ஒரே நிறுவனம். டவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் உள்ள அனைவரும் பகிர்வதால் மாலை நெரிசல் இயல்பு. ரூட்டரை டவர் இருக்கும் பக்கத்துச் சன்னலருகே வையுங்கள். வரம்பற்றது என்று விற்றாலும், எத்தனை கிகாபைட்டுக்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள் என்ற நியாயப் பயன்பாட்டு விதியைப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

மின்வெட்டும் கடலும்

லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு 2023-இல் இருந்ததைப்போல் இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டாலும் துணைமின்நிலையப் பழுதாலும் மின்சாரம் போகத்தான் செய்கிறது. ஓ.என்.டி.யும் ரூட்டரும் சேர்ந்து இருபது வாட் அளவுதான் எடுக்கும்; ஒரு சிறு யு.பி.எஸ். இரண்டு மணி நேரத்துக்குப் போதும். வாங்குவதற்கு முன் இரண்டு பெட்டிகளின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிடுங்கள்; 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகிவிடக்கூடும். வீட்டில் மின்சாரம் வைத்திருந்தும் இணையம் நின்றால் தெருவிலுள்ள நிலையத்தின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். அது லைன் நிறுவனத்தின் பொறுப்பு, புகாரில் சேர்க்கத் தகுந்தது.

எல்லாருக்கும் ஒரே நாளில் வெளிநாடு மட்டும் மெதுவானால் கடலைப் பாருங்கள். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட்டுக்கு அப்பால் வாக்ஸ், சாட்-3 உட்பட நான்கு கேபிள்கள் அறுந்தன. மே 12 அன்று டர்பனுக்கு வடக்கே கடலில் ஈஸியும் சீக்கோமும் அறுந்தன. பழுதுபார்க்கும் கப்பல் வந்து சேரவே பல நாள் ஆகும். ஒரே கேபிளை நம்பியிருந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள்; மாற்று வழி வாங்கி வைத்திருந்த நிறுவனங்கள் சமாளித்தன. அத்தகைய நாளில் ரூட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை. மதுரை ஆசிரியைக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, படத்தை நிறுத்திக் குரலை மட்டும் வைத்து வகுப்பை நடத்தச் சொல்லுங்கள்; குரலுக்கு நொடிக்கு நூறு கிலோபிட் இருந்தால் போதும்.